பேத்திக்கு ஒரு கணக்கு, தாத்தாவுக்கு ஒரு கணக்கு: சர்க்கரை நோயும் வயதும்

ஒரு வீட்டில் 9 வயதுப் பேத்திக்கும் 79 வயதுத் தாத்தாவுக்கும் சர்க்கரை நோய் என்று வைத்துக்கொள்வோம். சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் இருவருக்கும் 7.9 சதவீதம் வருகிறது. பேத்தியின் மருத்துவர், இதை இன்னும் கீழே கொண்டுவர வேண்டும் என்று இன்சுலின் அளவுகளைத் திருத்துகிறார். தாத்தாவின் மருத்துவரோ, இது போதும் என்று சொல்வதோடு நிற்காமல் ஒரு மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார். ஒரே எண்ணுக்கு ஒருவருக்கு மருந்து கூடுகிறது, இன்னொருவருக்குக் குறைகிறது. யாரோ ஒரு மருத்துவர் தப்பாகச் சொல்லிவிட்டார் என்றுதான் வீட்டில் பேச்சு எழும். இருவர் சொன்னதும் சரியாக இருக்கலாம். அது எப்படி என்று பார்ப்போம்.

முதலில் அடிப்படை. சாப்பிடும் மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாக உடைந்து ரத்தத்தில் சேர்கிறது. அங்கிருந்து அது தசைக்குள்ளும் கொழுப்புத் திசுவுக்குள்ளும் போக இன்சுலின் வேண்டும். கல்லீரல் தன் பங்குக்குக் குளுக்கோஸைத் தயாரித்து ரத்தத்தில் கொட்டிக்கொண்டே இருக்காமல் தடுக்கவும் இன்சுலின் வேண்டும். இதைச் சுரப்பவை கணையத்தில் உள்ள பீட்டா செல்கள்.

டைப் 1 என்பதில், உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு அணுக்களே இந்த பீட்டா செல்களை அழித்துவிடுகின்றன. இன்சுலின் அநேகமாக இல்லாமலே போய்விடுகிறது. குழந்தைகளிடம் காணும் சர்க்கரை நோயில் பெரும்பங்கு இதுதான். இனிப்பு நிறையக் கொடுத்ததால் வந்தது, தாய் கர்ப்பக் காலத்தில் எதையோ சாப்பிட்டதால் வந்தது என்று உறவினர்கள் சொல்வதை இந்த ஒரு விஷயத்திலாவது காதில் வாங்காமல் இருப்பது நல்லது. டைப் 2 வேறு கதை. இன்சுலின் சுரக்கும், ஆனால் உடல் அதற்குச் சரியாக மசியாது. வருடங்கள் போகப்போகச் சுரப்பும் தேயும். முதியவர்களிடம் காண்பது பெரும்பாலும் இது.

விதிவிலக்குகள் உண்டு. உடல் பருமன் உள்ள பதின்வயதினருக்கு டைப் 2 வருகிறது. 60 வயதுக்கு மேல் புதிதாக டைப் 1 வந்தவர்களும் இருக்கிறார்கள். பிறந்து 6 மாதத்துக்குள் சர்க்கரை நோய் கண்ட கைக்குழந்தைக்கு அது பெரும்பாலும் ஒரு மரபணுக் கோளாறால் வந்ததாக இருக்கும். அப்படிப்பட்ட குழந்தைகளில் கணிசமானவர்களுக்கு மரபணுப் பரிசோதனைக்குப் பிறகு ஊசியை நிறுத்திவிட்டு மாத்திரைக்கு மாற முடிகிறது. அதனால் அந்த வயதில் நோய் தெரிந்தால் மரபணுப் பரிசோதனையைக் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

இனி வரும் சர்க்கரை எண்கள் எல்லாம் மி.கி./டெ.லி. கணக்கில். உங்கள் மீட்டர் மில்லிமோலில் காட்டினால், இங்குள்ள எண்ணை 18ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். ஹெச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைச் சொல்வது. 7 சதவீதம் என்றால் சராசரி சுமார் 154, 8 சதவீதம் என்றால் சுமார் 183.

வயதுக்கு வயது கணக்கு ஏன் மாறுகிறது?

இதற்கு இரண்டு பெரிய ஆய்வுகளைத் தெரிந்துகொண்டால் போதும். முதலாவது டிசிசிடி. டைப் 1 உள்ள 13 முதல் 39 வயது வரையிலான 1,441 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு அன்றைய வழக்கமான சிகிச்சை, இன்னொரு குழுவுக்கு அடிக்கடி பரிசோதனை, பல வேளை ஊசி அல்லது பம்ப் என்று இறுக்கமான சிகிச்சை. 1993இல் முடிவு வெளியானது. இறுக்கமான குழுவின் ஹெச்பிஏ1சி 7 சதவீதத்தை ஒட்டியும், மற்றவர்களுக்கு 9ஐ ஒட்டியும் இருந்தது. கண் விழித்திரைப் பாதிப்பு புதிதாக உண்டாகும் அபாயம் இறுக்கமான குழுவில் 76 சதவீதம் குறைந்திருந்தது. ஆய்வு முடிந்து இரு குழுவின் சர்க்கரையும் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்த பிறகும், ஆரம்ப வருடங்களில் கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்கு அந்தப் பலன் பல வருடங்கள் தொடர்ந்தது. விலையும் இருந்தது: இறுக்கமான குழுவில் கடுமையான தாழ்சர்க்கரை, அதாவது ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குவது, சுமார் மூன்று மடங்கு.

இரண்டாவது அக்கார்ட். டைப் 2 உள்ள, இதய நோய் ஏற்கெனவே இருந்த அல்லது வர வாய்ப்பு அதிகம் இருந்த 10,251 பேர். சராசரி வயது 62. ஒரு குழுவுக்கு ஹெச்பிஏ1சியை 6 சதவீதத்துக்குக் கீழே தள்ள முயன்றார்கள், மற்றக் குழுவுக்கு 7க்கும் 7.9க்கும் நடுவே வைத்தார்கள். இறுக்கிய குழுவில் இறப்பு கூடியதால் 2008இல் அந்தப் பகுதியைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். 257 பேர் இறந்திருந்தார்கள், மற்றக் குழுவில் 203 பேர். காரணம் என்ன என்பதில் வல்லுநர்களுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் எல்லாருக்கும் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்ற பழைய நம்பிக்கை அன்றோடு ஆட்டம் கண்டது.

கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றில் வரும் பாதிப்பு பத்து, இருபது வருடங்களில் சேர்வது. 9 வயதுக் குழந்தைக்கு முன்னால் 70 வருடங்கள் இருக்கின்றன. இன்று குறைக்கிற ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் பலன் உண்டு. 79 வயதில், உடம்பில் வேறு நோய்களும் சேர்ந்திருக்கும்போது, இருபது வருடம் கழித்து வரக்கூடிய பாதிப்பைத் தடுக்க இன்றைக்கே தாழ்சர்க்கரையில் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொள்வது நஷ்ட வியாபாரம். இந்த ஒரு கணக்கு பிடிபட்டால் மருத்துவர் சொல்லும் மற்ற எல்லாம் விளங்கிவிடும்.

குழந்தை: கண்டுபிடிப்பதே முதல் சவால்

அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், நன்றாகச் சாப்பிட்டும் மெலிவு, சோர்வு. இரவில் படுக்கையை நனைப்பதை நிறுத்தி வருடக்கணக்கான குழந்தை திடீரென்று மறுபடி நனைக்க ஆரம்பிப்பது முக்கியமான அறிகுறி. டயாப்பர் கட்டும் குழந்தையென்றால் அது வழக்கத்தைவிடக் கனமாக இருப்பது மட்டுமே தெரியும். இவற்றில் ஏதாவது இருந்தால் அன்றைக்கே விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட வேண்டும். நாளைக் காலை வெறும் வயிற்றில் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. அறிகுறிகளோடு எந்த நேரத்தில் பார்த்தும் 200க்கு மேல் இருந்தால் அது சர்க்கரை நோய்தான்.

அவசரம் ஏன் என்றால், இன்சுலின் இல்லாத உடல் குளுக்கோஸைப் பயன்படுத்த முடியாமல் கொழுப்பைக் கரைக்கிறது. அதில் கீட்டோன் என்ற அமிலப் பொருள்கள் உண்டாகி ரத்தத்தை அமிலமாக்குகின்றன. வாந்தி, வயிற்றுவலி, ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு வாங்குவது, மூச்சில் பழ வாசனை, மந்தம் என்று வளர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். இதைக் கீட்டோஅசிடோசிஸ் என்பார்கள். வாந்தியும் வயிற்றுவலியும் அஜீரணம் என்றும், மூச்சு வாங்குவது நெஞ்சுச்சளி என்றும் தவறாக எண்ணப்பட்டு நேரம் வீணாவதுதான் இதில் பெரிய சோகம்.

சிகிச்சை இன்சுலின்தான், அதற்கு மாற்று கிடையாது. 1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயது லியோனார்ட் தாம்சனுக்கு முதன்முதலாக இன்சுலின் போடப்படும் வரை, டைப் 1 வந்த குழந்தைகளைக் கிட்டத்தட்டப் பட்டினி போட்டுச் சில மாதங்கள் கூடுதலாக உயிரோடு வைத்திருக்க மட்டுமே முடிந்தது. “இந்த மூலிகைச் சாறு குடித்தால் ஊசியை நிறுத்திவிடலாம்” என்று யாராவது சொன்னால், இன்சுலினுக்கு முந்தைய அந்தக் குழந்தைகளை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்று வழக்கத்தில் இருப்பது இரண்டு இன்சுலின் சேர்ந்த முறை. நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும் அடிப்படை இன்சுலின் ஒன்று. சாப்பாட்டுக்கு 10, 15 நிமிடம் முன்னால் போடும் வேக இன்சுலின் இன்னொன்று. தட்டில் எத்தனை கிராம் மாவுச்சத்து இருக்கிறது என்று கணக்கிட்டு, குழந்தைக்கென்று குறித்துக் கொடுத்த விகிதத்தில் வேக இன்சுலினைப் போட வேண்டும். எழுதும்போது எளிமையாக இருக்கிறது. நடப்பில், இரண்டு வயதுக் குழந்தை ஊசி போட்ட பிறகு தட்டைத் தள்ளிவிடும். அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு அளவைப் பிரித்து, பாதியை முன்னாலும் மீதியைச் சாப்பிட்டதைப் பார்த்துப் பின்னாலும் போட மருத்துவர் அனுமதிப்பதுண்டு. சிறு குழந்தைக்கு ஒரு யூனிட்டே பெரிய அளவு என்பதால் அரை யூனிட் வைக்கக்கூடிய பேனாவைக் கேட்டு வாங்குங்கள்.

புதிதாக நோய் தெரிந்த வீடுகளை ஏமாற்றும் ஒரு காலகட்டம் உண்டு. சிகிச்சை தொடங்கிச் சில வாரங்களில் மிச்சமிருக்கும் பீட்டா செல்கள் கொஞ்சம் மூச்சு விடுகின்றன. இன்சுலின் தேவை சட்டென்று குறைகிறது. இதைத் தேனிலவுக் காலம் என்பார்கள். சில மாதங்கள், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல் நீடிக்கும். நோய் போய்விட்டது, வேண்டுதல் பலித்துவிட்டது என்று நினைத்து ஊசியை நிறுத்திவிடுபவர்கள் இந்தக் கட்டத்தில்தான் நிறுத்துகிறார்கள். அளவைக் குறைக்கலாம், அதுவும் மருத்துவர் சொல்லும் அளவுக்கு; நிறுத்தக் கூடாது.

அப்புறம் தாழ்சர்க்கரை. 70க்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும், 54க்குக் கீழே என்றால் அது ஆபத்தான தாழ்வு. வியர்வை, நடுக்கம், படபடப்பு, பசி, முகம் வெளிறுவது. பேசத் தெரியாத குழந்தையிடம் இவை எரிச்சலாகவும் காரணமில்லாத அழுகையாகவும், விளையாட்டின் நடுவே சுருண்டு படுத்துக்கொள்வதாகவும் வெளிப்படும். பெரியவர்களுக்கு 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து 15 நிமிடம் கழித்துப் பார்ப்பது விதி. குழந்தைக்கு அவ்வளவு தேவையில்லை. ஒரு கிலோ எடைக்கு 0.3 கிராம் என்ற கணக்கில், 20 கிலோ குழந்தைக்கு சுமார் 6 கிராம். குளுக்கோஸ் மாத்திரை, குளுக்கோஸ் தூள், பழச்சாறு இதற்கு ஏற்றவை. சாக்லேட் சரிப்படாது. அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். நினைவில்லாமலோ வலிப்பிலோ இருக்கும் குழந்தையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். பக்கவாட்டில் படுக்க வைத்து, சர்க்கரையை ஏற்றும் ஹார்மோனான குளுக்ககான் ஊசி போட வேண்டும்: 25 கிலோவுக்குக் கீழ் அரை மில்லிகிராம், அதற்கு மேல் ஒரு மில்லிகிராம். மூக்கில் அடிக்கும் குளுக்ககானும் வந்திருக்கிறது. கூடவே ஆம்புலன்ஸை அழையுங்கள். குளுக்ககான் எங்கே இருக்கிறது, எப்படிப் போடுவது என்று வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருப்பது போதாது.

ஓடியாடி விளையாடிய நாளில் சர்க்கரை அந்த நேரத்தில் மட்டுமல்லாமல், தசைகள் தங்கள் இருப்பை நிரப்பிக்கொள்ளும் அன்றிரவு வரையிலும், சில சமயம் 24 மணி நேரம் வரையிலும் இறங்கக்கூடும். விளையாட்டை நிறுத்த வேண்டியதில்லை. அன்றிரவு ஒரு முறை கூடுதலாகச் சோதித்துப் பார்த்தால் போதும். தேவையென்றால் இன்சுலின் அளவைக் குறைப்பதைப் பற்றி முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

காய்ச்சல் நாட்களுக்கு ஒரு விதியை மனப்பாடமே செய்துகொள்ளலாம்: சாப்பிடாவிட்டாலும் அடிப்படை இன்சுலினை நிறுத்தக் கூடாது. சாப்பிடவில்லையே, எதற்கு ஊசி என்று தோன்றுவது இயல்பு. ஆனால் காய்ச்சலில் உடல் சுரக்கும் அழுத்த ஹார்மோன்கள் சர்க்கரையை ஏற்றிவிடும், கீட்டோனும் கூடும். இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை சர்க்கரையைப் பாருங்கள், கீட்டோனையும் பாருங்கள். ரத்தக் கீட்டோன் 0.6 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 1.5ஐத் தாண்டினால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும்; 3 அல்லது அதற்கு மேல் என்றால் மருத்துவமனைக்குக் கிளம்பிவிட வேண்டும். வாந்தி நிற்காவிட்டால் எண்ணுக்காகக் காத்திருக்க வேண்டாம். வயிற்றுப்போக்கில் சர்க்கரை தாழ்ந்துகொண்டே போனால் அளவைக் குறைக்க வேண்டிவரும். எவ்வளவு என்பதை மருத்துவரிடம் பேசியே முடிவு செய்யுங்கள்.

பருவ வயதில் ஆட்டம் மாறுகிறது. வளர்ச்சி ஹார்மோன் இன்சுலினின் வேலையை முடக்குவதால் தேவை கிடுகிடுவென ஏறும். ஒரு நாளைக்குக் கிலோவுக்கு ஒரு யூனிட்டைத் தாண்டிப் போவது சாதாரணம். ஏறுவது பிள்ளையின் சோம்பலால் மட்டும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஆனால் ஊசியைத் தவிர்ப்பதும் இந்த வயதில்தான் நடக்கிறது: நண்பர்கள் முன் போட வெட்கம், சலிப்பு, சிலரிடம் உடல் எடை குறைய வேண்டும் என்பதற்காகவே தவிர்ப்பது. இந்தக் கடைசி விஷயம் உணவுக் கோளாறு. அதட்டி அடக்கக்கூடியது இல்லை, மனநல உதவி வேண்டும். பிள்ளை பள்ளியிலிருந்து வந்ததும் “சாப்பிட்டியா?” என்று கேட்பதற்கு முன் “சுகர் எவ்வளவு?” என்று கேட்கும் வீடுகளைப் பார்க்கிறோம். ஒவ்வொரு எண்ணும் பரீட்சை மதிப்பெண்ணாகத் தெரிய ஆரம்பித்தால், பிள்ளை நோட்டில் பொய் எண் எழுத ஆரம்பிக்கும். 250 என்பது அடுத்து என்ன செய்வது என்று சொல்லும் தகவல், அவ்வளவுதான்.

இதில் பெரிய ஆறுதல் சென்சார்கள். தோலில் ஒட்டிக்கொண்டு சில நிமிடங்களுக்கு ஒருமுறை சர்க்கரையைக் காட்டும், இறங்கினால் அலாரம் அடிக்கும். 70க்கும் 180க்கும் இடையில் நாளின் 70 சதவீதத்துக்கு மேல், 70க்குக் கீழே 4 சதவீதத்துக்கும் குறைவாக என்பது பொதுவான இலக்கு. சென்சாரின் எண்ணைப் பார்த்துத் தானே இன்சுலினைக் கூட்டிக் குறைக்கும் பம்புகளும் இருக்கின்றன. ஆனால் பம்ப் வைத்திருக்கும் குழந்தையின் உடலில் நீண்டநேர இன்சுலின் கிடையாது என்பதை மறக்கக் கூடாது. குழாய் மடங்கினாலோ கழன்றாலோ சில மணி நேரத்தில் கீட்டோன் ஏறத் தொடங்கிவிடும்.

ஹெச்பிஏ1சி இலக்கைப் பொறுத்தவரை, பெரும்பாலான குழந்தைகளுக்கு 7 சதவீதத்துக்குக் கீழே என்கிறது அமெரிக்க நீரிழிவுச் சங்கம். தாழ்சர்க்கரையை உணர்ந்து சொல்லத் தெரியாதவர்களுக்கு 7.5 வரை தளர்த்தலாம். தைராய்டு, கோதுமைப் புரதத்தால் வரும் சீலியாக் நோய் இரண்டுக்கும் டைப் 1 குழந்தைகளுக்கு அவ்வப்போது ரத்தப் பரிசோதனை தேவை, ஏனென்றால் அவையும் இதே எதிர்ப்பு அணுக் குளறுபடியின் கூட்டாளிகள்.

முதுமை: அறிகுறி ஒளிந்துகொள்ளும் வயது

குழந்தையிடம் சத்தமாக வெளிப்படும் அறிகுறிகள் முதியவரிடம் அடங்கிப்போகின்றன. வயதாக ஆகத் தாக உணர்வு மங்குகிறது. சர்க்கரை சிறுநீரில் இறங்கத் தொடங்கும் ரத்த அளவும் உயர்ந்துவிடுகிறது. அதனால் 200ஐத் தாண்டியும் அதிகச் சிறுநீரோ தாகமோ இல்லாமல் இருக்கலாம். மிஞ்சுவது சோர்வு, எடை குறைவு, ஆறாத புண், திரும்பத் திரும்ப வரும் சிறுநீர்த் தொற்று. “வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்” என்ற ஒரு வாக்கியம் இவை எல்லாவற்றையும் மூடி மறைத்துவிடுகிறது. நிமோனியா, வயிற்றுப்போக்கு, ஸ்டீராய்டு மருந்து போன்ற ஏதாவது ஒன்று வந்து, உடலில் நீர் வற்றி, சில நாட்களில் சர்க்கரை 600ஐத் தாண்டி, குழப்பத்திலோ மயக்கத்திலோ போய் நிற்கும்போதுதான் சிலருக்கு நோய் இருப்பதே தெரிகிறது.

ஆனாலும், ஏற்கெனவே சிகிச்சையில் இருக்கும் முதியவருக்கு நான் அதிகம் பயப்படுவது தாழ்சர்க்கரைக்குத்தான். படபடப்பு, நடுக்கம் என்ற எச்சரிக்கை மணி பல வருட நோயில் மங்கிவிடும். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் படபடப்பை இன்னும் அமுக்கிவிடும். வியர்வை மட்டும் மிஞ்சும். அதனால் முதல் அறிகுறியே தடுமாற்றம், உளறல், திடீர்க் கோபம், ஆளை அடையாளம் தெரியாதது, கால் தளர்ந்து விழுவது என்று ஆகிவிடுகிறது. பார்ப்பவர்கள் மறதி நோய் என்பார்கள், பக்கவாதம் என்பார்கள். சர்க்கரை மருந்து எடுக்கும் முதியவர் திடீரென்று வேறு ஆளாக நடந்துகொண்டால் முதல் வேலை மீட்டரில் பார்ப்பது. மீட்டர் கைக்கு எட்டாவிட்டால், அவர் விழுங்கும் நிலையில் இருந்தால், 15 கிராம் சர்க்கரை கொடுத்துவிடுவதே பாதுகாப்பு. எல்லாத் தாழ்சர்க்கரையும் எடுத்துக்கொள்ளும் மருந்தால் வருவதில்லை என்றாலும், எந்த மருந்து எடுக்கிறார் என்று தெரிந்து வைத்திருப்பது பாதிப் பாதுகாப்பு.

இங்கே கொஞ்சம் நின்று மருந்துகளைப் பார்க்கலாம். தாழ்சர்க்கரைக்கு முதல் காரணம் இன்சுலின், அடுத்தது சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரைகள்: கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்றவை. ஆள் சாப்பிட்டாரா இல்லையா என்று பார்க்காமல் கணையத்தை விரட்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை இவை. சிறுநீரகம் தளர்ந்தவரின் உடலில் வெகுநேரம் தங்கிவிடும். அதனால் இந்த மாத்திரையால் சர்க்கரை தாழ்ந்தால், சர்க்கரை கொடுத்ததும் ஏறிவிட்டதே என்று விட்டுவிடக் கூடாது. சில மணி நேரத்தில் மறுபடி இறங்கும். மருத்துவமனையில் ஒரு நாளாவது வைத்துப் பார்ப்பது இதற்காகத்தான். முதியவர்களுக்குக் கிளிபென்கிளமைடைத் தவிர்க்க வேண்டும் என்பதில் வல்லுநர்களிடையே ஏறக்குறைய ஒருமித்த கருத்து உண்டு. பழைய சீட்டில் அது ஓடிக்கொண்டிருந்தால் அடுத்த முறை மருத்துவரிடம் கேளுங்கள். குடலில் சர்க்கரை உடைவதைத் தாமதப்படுத்தும் அகார்போஸ் மாத்திரை எடுப்பவர் என்றால் வீட்டுச் சர்க்கரை சீக்கிரம் உதவாது, நேரடி குளுக்கோஸ்தான் கொடுக்க வேண்டும்.

மெட்ஃபார்மின் தனியாகக் கொடுத்தால் தாழ்சர்க்கரையை அரிதாகவே உண்டாக்கும், அது அதன் பலம். ஆனால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் காட்டும் இஜிஎஃப்ஆர் 30க்குக் கீழே போனால் நிறுத்திவிட வேண்டும். பல வருடம் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். கால் மரப்பும் மறதியும் சர்க்கரையால் என்று நினைத்துக்கொண்டிருக்கையில் காரணம் பி12 குறைவாகவும் இருக்கலாம். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் வகை இதயத்தையும் சிறுநீரகத்தையும் காக்கும் நல்ல மருந்துகள். ஆனால் நீரை வெளியேற்றுபவை, பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம். வாந்தி, வயிற்றுப்போக்கு, அறுவைசிகிச்சை நாட்களில் நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். செமாகுளூட்டைடு போன்றவை பசியைக் குறைத்து எடையைக் குறைக்கும். உடல் பருமன் உள்ள 60 வயதுக்காரருக்கு அது வரம். ஏற்கெனவே எலும்பும் தோலுமாக இருக்கும் 85 வயதுக்காரருக்கு வேண்டாத வேலை.

சரி, முதியவருக்கு எவ்வளவு இருக்கலாம்? வயதைவிட உடல்நிலைதான் அளவுகோல். தானே நடமாடி, தெளிவாக இருந்து, வேறு பெரிய நோய்கள் இல்லாதவருக்கு 7 முதல் 7.5 சதவீதத்துக்குக் கீழே. பல நோய்களும், கொஞ்சம் மறதியும், அன்றாட வேலைகளில் பிறர் உதவியும் தேவைப்படுபவருக்கு 8க்குக் கீழே. முற்றிய நிலை நோயோ ஆழ்ந்த மறதி நோயோ உள்ளவருக்கு ஹெச்பிஏ1சி எண்ணையே துரத்த வேண்டாம். தாழ்சர்க்கரை வராமலும், உயர் சர்க்கரையால் அவதி இல்லாமலும் இருந்தால் போதும் என்கிறது அமெரிக்க நீரிழிவுச் சங்கம். சென்சார் வைத்திருக்கும் முதியவருக்கு 70க்கும் 180க்கும் இடையில் நாளின் பாதி நேரம் இருந்தாலே போதும். ஆனால் 70க்குக் கீழே 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. குழந்தைக்கான 4 சதவீதத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள், எங்கே தளர்வு, எங்கே கண்டிப்பு என்பது தெரியும். 80 வயதில் ஹெச்பிஏ1சி 6.2 என்று வந்தால் வீட்டில் பெருமைப்படுகிறார்கள். இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியாவோ எடுப்பவர் என்றால், அந்த எண்ணைப் பார்த்து இரவில் தாழ்ந்து போகிறதா என்றுதான் முதலில் கேட்க வேண்டும். ரத்தசோகை, சிறுநீரக நோய், சமீபத்தில் ரத்தம் ஏற்றியது ஆகியவை இந்த எண்ணையே பொய்யாக்கக்கூடும் என்பது இன்னொரு சிக்கல்.

மருந்தைக் குறைப்பதைக் கைவிட்டுவிட்டதாக எடுத்துக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நான்கு வேளை ஊசியை ஒரு வேளைக்கு மாற்றுவதும், இரவு ஊசியைக் காலைக்கு நகர்த்துவதும் சிகிச்சைதான். போட்டோமா இல்லையா என்ற சந்தேகத்தில் இரண்டாவது முறை ஊசி போட்டுக்கொள்ளும் அபாயம் மறதி உள்ளவரிடம் நிஜமாகவே உண்டு. போட்டதும் குறித்து வைப்பது, வாரத்துக்கான மாத்திரைப் பெட்டி, வேறொருவர் கையில் ஊசிப் பொறுப்பு என்று எதையாவது ஏற்பாடு செய்யுங்கள். 65 வயதுக்கு மேல் வருடத்துக்கு ஒருமுறை நினைவாற்றலையும் மனச்சோர்வையும் சோதித்துப் பார்ப்பது நல்லது. நன்றாகக் கட்டுப்பாட்டில் இருந்த சர்க்கரை காரணமில்லாமல் தாறுமாறாகப் போவது சிலருக்கு மறதி நோயின் முதல் தடயம்.

சாப்பாட்டில் கெடுபிடி முதியவருக்குப் பெரும்பாலும் கெடுதலே செய்கிறது. இதைத் தொடாதே, அதைத் தொடாதே என்று தட்டைக் காலியாக்கினால் சர்க்கரையோடு தசையும் கரையும். தசை கரைந்தால் விழுவார்கள். புரதம் போதுமான அளவு, சிறிது சிறிதாக, நேரத்துக்கு. சிறுநீரக நோய் இருந்தால் புரத அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சின்ன எடைகளைத் தூக்குவது போன்ற தசைப் பயிற்சிகள் நடைக்குச் சமமாக, சில சமயம் அதைவிட முக்கியம்.

பாதத்தை வீட்டில் தினமும் யாராவது பார்க்க வேண்டும், விரலிடுக்கு உட்பட. குனிய முடியாத, பார்வை மங்கிய, உணர்ச்சி குறைந்த காலில் முள் குத்தியிருப்பதே தெரியாது. வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதற்கு முன் வெப்பத்தை உணர்ச்சி உள்ள வேறொருவர் கையால் பார்க்காமல் கொடுக்கக் கூடாது. கண், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம், பாத உணர்ச்சி மூன்றையும் வருடத்துக்கு ஒருமுறை சோதிப்பது போதும்.

இரு வயதுக்கும் பொதுவான சின்ன விஷயங்கள்

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஊசி போட்டால் தோலுக்கடியில் கொழுப்புக் கட்டி உருவாகும். அதில் போடும் இன்சுலின் ஒரு நாள் வேலை செய்யும், ஒரு நாள் செய்யாது. குழந்தைகள் வலி தெரியாத இடம் என்று அங்கேயே கேட்பார்கள், முதியவர்கள் பழக்கத்தால் அங்கேயே போடுவார்கள். சர்க்கரை காரணமில்லாமல் ஆடினால் அளவைக் கூட்டுவதற்கு முன் அந்த இடத்தைத் தடவிப் பாருங்கள். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும், உறையக் கூடாது, உறைந்ததைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். பயன்பாட்டில் உள்ளதை வெயில் படாத அறையில் பெரும்பாலும் 4 வாரம் வரை வைக்கலாம். பழம் உரித்த கையைக் கழுவாமல் விரலைக் குத்தினால் மீட்டர் பொய்யாக 300 காட்டும். அதை நம்பி ஊசி போட்டால் ஆபத்து.

கடைசியாக ஒரு குழு இருக்கிறது, இரண்டு கணக்கும் ஒன்றாக வேண்டிய குழு. இன்சுலினும் சென்சாரும் செய்த புண்ணியத்தில், சிறு வயதில் டைப் 1 வந்தவர்கள் இன்று 70, 80 வயதைத் தொடுகிறார்கள். இவர்களுக்கு முதியவர்களுக்குரிய தளர்வான இலக்கு பொருந்தும், ஆனால் அடிப்படை இன்சுலினை நிறுத்தக் கூடாது என்ற குழந்தைப் பருவ விதியும் கடைசி வரை பொருந்தும். அறுவைசிகிச்சைக்காகப் பட்டினி இருக்கச் சொன்னாலும், காப்பகத்தில் சேர்த்தாலும், சாப்பாடு ஏறக்குறைய நின்றுபோனாலும் சிறிதளவாவது அடிப்படை இன்சுலின் தேவை. வயதைப் பார்த்து டைப் 2 என்று நினைத்து ஊசியை நிறுத்திவிடும் தவறு சேர்க்கை நேரத்தில்தான் நடக்கும். அதனால் கோப்பின் முதல் பக்கத்திலேயே டைப் 1 என்று பெரிதாக எழுதி வையுங்கள். பணிக்கு வரும் ஒவ்வொரு செவிலியரிடமும் வாயாலும் சொல்லுங்கள்.